குடியை விட்டு 41 நாள் ஆகியும் மனசு வெறிச்சென்று இருப்பது ஏன்?

நீங்கள் கேட்டது இது: குடியை நிறுத்தி 41 நாள் ஆகிறது, ஒரு சொட்டு தொடவில்லை. நிறுத்தினால் உடம்பு லேசாகும், முகம் தெளியும், நிம்மதி வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். உடம்பு பரவாயில்லை, ஆனால் மனசு வெறிச்சென்று கிடக்கிறது, எதிலும் ருசி இல்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறது, ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை. போன வாரம் மனைவியே 'நீங்க குடிச்சப்பவே பரவால்ல' என்று சொல்லிவிட்டார். குடியை விட்டவர்களுக்கு உண்மையில் எப்படித்தான் இருக்கும்? கேள்வி அப்படி முடிந்தாலும் அதற்குள் வேறொன்றைக் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. 'குடிக்காத நான் இவ்வளவுதானா, இனிமேல் ஆயுசு முழுக்க இப்படியே இருக்குமா, அப்படியென்றால் எதற்காக நிறுத்தினேன்?' என்பதுதான் அது. நான் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் என் அளவைச் சொல்லிவிடுகிறேன். போதை மீட்பு வார்டில் 11 வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். அப்புறம் மேலே படித்து, 8 வருடமாகக் குடியை விட்டவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசும் ஆலோசகராக இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, உங்களை நேரில் பார்த்ததும் இல்லை, எத்தனை வருடம் எவ்வளவு குடித்தீர்கள் என்பதையும் நீங்கள் எழுதவில்லை, அதனால் உங்களுக்கு இன்ன நோய் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைத் தயங்காமல் சொல்வேன்: ஆறாவது வாரத்தில் மனசு இப்படி வெறுமையாக இருப்பது நான் பார்த்தவர்களில் மிகப் பலருக்கு நடந்தது, அதை யாரும் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நாங்களே பல வருடம் சொன்னதில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டது, சாப்பாடு இறங்குகிறது, இனி நல்லா இருப்பீங்க என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஐந்தாவது ஆறாவது வாரத்தில் குடித்துவிட்டு மறுபடி வந்து படுப்பார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால், சண்டையோ சாவோ கடன்காரனோ காரணமாக இருக்காது. 'ஒண்ணும் ஆகல சிஸ்டர், சும்மாதான் இருந்துச்சு, அந்தச் சும்மாவைத் தாங்க முடியல' என்பார்கள். இதே வார்த்தையை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இது ஏன் வருகிறது என்று புரிந்தால் பாதி பயம் போகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூளையில் அடக்கி வைக்கும் வேலையைச் செய்கிற ரசாயனம் ஒன்று உண்டு, பெயர் காபா. கிளப்பிவிடும் வேலையைச் செய்வது இன்னொன்று, குளூட்டமேட். மது முதலாவதற்குக் கை கொடுக்கிறது, இரண்டாவதை அமுக்குகிறது. குடித்ததும் உடம்பு தளர்வதும் கவலை மங்குவதும் பெருமளவு அதனால்தான். இது தினமும் நடந்தால் மூளை பார்த்துக்கொண்டு இருக்காது. ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர் முதுகைக் கொடுத்து எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்பார் இல்லையா, அப்படி மூளையும் எதிர்ப்பக்கம் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஒருநாள் வெளியே இருப்பவர் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவர் கதவோடு சேர்ந்து வெளியே போய் விழுவார். குடி நின்ற முதல் நாட்களில் நடப்பது அந்த விழுதல்தான்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். சிலருக்கு மட்டும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற கடுமையான பிதற்றல் நிலை வரும். இடம், நேரம், ஆள் எல்லாம் குழம்பிப்போகும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். ஒருவர் போர்வையிலிருந்து எனக்குத் தெரியாத ஒரு நூலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து இழுத்து விடிய விடியப் பந்தாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். மருந்து கொடுக்கப் போய் நான் கையை நீட்டியதும் அந்த இல்லாத நூல்பந்தை என் உள்ளங்கையில் பத்திரமாக வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார். மூன்றாம் நாள் அவருக்கு அது எதுவும் ஞாபகம் இல்லை.

இந்த நிலை குடியால் வருகிறதா, சத்துக் குறைவால் வருகிறதா, குடி நிற்பதால் வருகிறதா என்று ரொம்ப காலம் சந்தேகம் இருந்தது. 1955ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சிலருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்துக்கொண்டே வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பிறகு ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. நல்லபடியாகச் சாப்பிட்டவர்களுக்கும் வலிப்பும் பிதற்றலும் வந்தன, நிற்பதுதான் காரணம் என்று தெளிவானது. சிகிச்சை இல்லாத காலத்தில் டெலிரியம் ட்ரெமென்ஸ் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாகச் சொல்வார்கள். இன்று தக்க சிகிச்சை கிடைத்தால் 100க்கு 5க்கும் குறைவு. நீங்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாராவது தினமும் நிறையக் குடிப்பவராக இருந்து, காலையில் கை நடுக்கத்தை நிறுத்தவே ஒரு மடக்கு தேவைப்படுகிற நிலையில் இருந்தால், தயவுசெய்து வீட்டில் தனியாக ஒரேநாளில் நிறுத்தாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கி வருபவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் கடுமை கூடிக்கொண்டு போகக்கூடும். தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைந்திருந்தால் மூளையே பாதிக்கப்படும், நடை தள்ளாடும், பார்வை அலைபாயும், நினைவு குழம்பும். அதனால்தான் வார்டில் சேர்ந்ததும் அதை ஊசியில் ஏற்றுகிறோம்.

சரி, அந்த முதல் வாரம் முடிந்ததும் என்ன? சிலருக்கு ஒரு மிதப்பு வரும். பத்தாவது நாள், பன்னிரண்டாவது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் வீக்கம் வடிந்திருக்கும், பசி எடுக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள், 'ஏன் சிஸ்டர், இத்தனை வருஷம் இதைச் செய்யாம விட்டேன்' என்று கேட்பார்கள். ஒருவர் வார்டில் மற்றவர்களின் படுக்கை விரிப்பையெல்லாம் மடித்துக் கொடுத்துக்கொண்டு திரிந்தார். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, ஆனால் நெடுநாள் நிற்காது. அதை அனுபவித்தவர்களுக்கு அடுத்து வருகிற வெறுமை இன்னும் ஆழமாகத் தெரியும். உங்களுக்கு அந்த மிதப்பே வராமல் இருந்திருக்கலாம், அதிலும் தப்பில்லை, எல்லாருக்கும் வருவதில்லை.

அடுத்து வருவதுதான் நீங்கள் இப்போது நிற்கிற இடம். எதையாவது எதிர்பார்த்து மனசு துள்ளுவதற்கு, செய்ததும் 'நல்லா இருந்துச்சு' என்று தோன்றுவதற்கு மூளையில் டோபமின் என்ற ரசாயனமும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் வேலை செய்ய வேண்டும். பல வருடம் மது அந்த இடத்தை அளவுக்கு மீறித் தட்டிக்கொண்டே இருந்ததால் மூளை ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. இதை 1990களிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அது நின்றதும் மெல்லிய பேச்சு கேட்காத மாதிரி, குழந்தையின் சிரிப்பு, ஒரு நல்ல பாட்டு, சாயங்காலக் காற்று எல்லாம் வருகின்றன, ஆனால் பதிவதில்லை. காது திரும்பப் பழகுவதற்கு நாள் பிடிக்கும். நான் பார்த்த அளவில், பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது மாதத்துக்கும் ஐந்தாவது மாதத்துக்கும் இடையில் இது மெல்ல மெல்ல விலகியது. இது என் அனுபவக் கணக்கு, ஆய்வுக் கணக்கு இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். அதோடு நேர்கோட்டில் ஏறுவதும் இல்லை: மூன்று நாள் நன்றாக இருக்கும், நான்காம் நாள் பழைய குழியில் கிடப்பீர்கள், 'எல்லாம் போச்சு' என்று தோன்றும், ஆறாம் நாள் மறுபடி எழுந்துகொள்வீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவசரப்படாமல் படியுங்கள். வெறுமை வேறு, மனச்சோர்வு நோய் வேறு. குடித்துக்கொண்டிருக்கும்போதும் நிறுத்தின உடனேயும் மனச்சோர்வு நோயின் அடையாளங்கள் எல்லாம் இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி குடியே உண்டாக்கியது. 1988ல் அமெரிக்காவில் பிரவுன், ஷக்கிட் என்ற இருவர் சிகிச்சைக்குச் சேர்ந்த ஆண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சேர்ந்த புதிதில் 100க்கு 42 பேருக்குக் கணிசமான மனச்சோர்வு இருந்தது, குடிக்காமல் நான்கு வாரம் கழிந்தபோது அது 100க்கு 6 பேராகக் குறைந்துவிட்டது. இதில் ஆறுதலும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் காத்திருந்தாலே கனம் குறைகிறது என்பது ஆறுதல். நான்கு வாரம் தாண்டியும் கனம் குறையாமல் இருந்தால் அது குடியின் மிச்சம் என்று தள்ளிவிடக் கூடாது, ஏற்கெனவே உள்ளே இருந்த நோயாக இருக்கலாம், அதற்குத் தனியாக மருத்துவம் வேண்டும் என்பது எச்சரிக்கை. நீங்கள் ஆறாவது வாரத்தில் இருக்கிறீர்கள். ருசி இல்லை, ஆனால் எழுந்து குளித்து வேலைக்குப் போய், எப்போதாவது ஒரு நொடி சிரித்து, நாள் ஓடுகிறது என்றால் அது பெரும்பாலும் நான் மேலே சொன்ன வெறுமை. படுக்கையை விட்டு எழ முடியவில்லை, பசியே இல்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் நாள் முழுக்க ஓடுகிறது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகத் தோன்றுகிறது என்றால் இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். அப்படித் தோன்றியதைச் சொல்லி உதவி கேட்டவர்கள் நிறையப் பேரோடு பிற்பாடு நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மது தூங்கவைப்பது போலத் தெரியும், ஆனால் கனவு வருகிற தூக்கத்தை அது நசுக்கிவிடும். நிறுத்தியதும் அந்தக் கனவுத் தூக்கம் கடனை வட்டியோடு கேட்கிற மாதிரி திரும்பி வரும், அதனால்தான் விட்டு விட்டுத் தூக்கம், வியர்த்து விழிப்பது, கண் முன்னால் நடப்பது போன்ற கனவுகள். அதிலும் குடிக்கிற கனவு அநேகமாக எல்லாருக்கும் வரும். வாயில் ருசியோடு எழுந்திருப்பீர்கள், நிஜமாகவே குடித்துவிட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், சிலர் தங்கள் கையை மோந்து பார்ப்பார்கள். நீங்கள் தோற்றுக்கொண்டிருப்பதற்கான அடையாளம் இல்லை அது, நாள் போகப் போகக் குறையும். தூக்கம் முழுதாகச் சரியாகச் சில மாதங்கள் ஆகும், இதில் பொய் சொல்லி ஆறுதல் தர எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: யாரோ கொடுத்தார்கள் என்று தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதில் பல மாத்திரைகள் மது தட்டுகிற அதே காபா கதவைத்தான் தட்டுகின்றன, குடியை விட்டு அதில் விழுந்தவர்களை மீட்பது இன்னும் கஷ்டம்.

எரிச்சலுக்கு வருகிறேன். இதுதான் ரொம்பப் பேசப்படாத பகுதி என்று நினைக்கிறேன். குடி கவலையை மட்டும் மரக்கவைக்காது, கூடவே வெட்கம், கோபம், துக்கம், பயம் எல்லாம் மரத்துப்போயிருக்கும். ஊசி போட்டு மரக்கவைத்த பல்லுக்கு உணர்ச்சி திரும்பும்போது முதலில் வலிதானே தெரியும்? என்னிடம் வந்த ஒருவருக்கு, குடியை விட்ட எட்டாவது வாரத்தில், பெண்ணின் பழைய பள்ளி நோட்டு ஒன்று கையில் கிடைத்தது. 'என் அப்பா' என்று கட்டுரை. மூன்றாவது வரியில் 'என் அப்பா சாயங்காலம் தூங்குவார்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதற்குச் சரி போட்டிருந்தார். அவர் அந்த நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டு அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அழுதார். அப்பா செத்தபோதுகூடத் தான் அழவில்லை, அன்றைக்கு நல்ல போதையில் இருந்தேன் என்றார். அன்று அழ வேண்டிய அழுகை அது, பத்து வருடம் கழித்து வந்திருக்கிறது. நினைவும் இப்படித்தான் துண்டு துண்டாகத் திரும்பும், பல் தேய்க்கும்போது திடீரென்று யாரையோ எப்போதோ பேசிய பேச்சு ஞாபகம் வந்து உடம்பு கூசும். அந்தக் கூச்சம் தாங்காமல்தான் பலர் எரிந்து விழுகிறார்கள். எல்லாரையும் கூப்பிட்டு ஒரே நாளில் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட வேண்டும் என்று சிலருக்கு வேகம் வரும், அதற்கு அவசரமில்லை, ஆறு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டுக் கேட்கிற மன்னிப்பைத்தான் எதிரே இருப்பவர்களால் நம்ப முடியும்.

உங்கள் மனைவி சொன்ன வார்த்தை உங்களை அறுத்திருக்கும், தெரிகிறது. ஆனால் அதே வார்த்தையை நான் எத்தனையோ மனைவிமார்கள் வாயால் கேட்டிருக்கிறேன், அதைச் சொன்ன ஒருவர்கூட அவர் மறுபடி குடிக்கட்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. குடித்த காலத்தில் அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது: எத்தனை மணிக்கு வருவார், எப்போது கத்துவார், எப்போது படுப்பார். இப்போது ஒரு ஆள் சாயங்காலம் முழுக்க முழித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், அவரோடு எப்படி இருப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுடைய கோபமும் இத்தனை நாள் அடங்கிக் கிடந்தது, குடிகாரனிடம் சொல்லிப் பயனில்லை என்று. இப்போது கேட்க ஆள் இருக்கிறார், அதனால் வருகிறது. வீட்டுக்குள் நுழையும்போது இன்னும் மூச்சை மோந்து பார்க்கிறார்கள், பத்து நிமிடம் தாமதமானால் போன் அடிக்கிறார்கள் என்று நிறையப் பேர் குமுறுவார்கள். கல்லீரல் ஆறுகிற வேகத்தில் நம்பிக்கை ஆறாது. என் யோசனை, அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லுங்கள்: 'இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல, குடிக்கல, உன் மேல கோபம் இல்ல, அரை மணி நேரம் தனியா நடந்துட்டு வரேன்.' இந்த நாலு வார்த்தையில் ஒரு சண்டை நடக்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. குடியை விட்ட பெண்களுக்கு இந்த வெறுமையோடு இன்னொரு சுமையும் உண்டு, குடித்ததையே யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் விட்டதையும் சொல்ல முடியாது. 100வது நாளை வாழ்த்த ஒரு ஆள்கூட இருக்காது. ஒரே ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள், வீட்டில் முடியாவிட்டால் ஒரு மருத்துவரிடமாவது.

குடிக்கணும் என்ற ஆசை வருமே, அது எத்தனை நாள் என்று கேட்பீர்கள். ஆசை நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை, அலை மாதிரி ஏறி உச்சிக்குப் போய் இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். எதிர்த்துச் சண்டை போடாமல், இப்போது தொண்டையில் இருக்கிறது, இப்போது வயிற்றில் இருக்கிறது என்று அதைக் கவனித்துக்கொண்டே இருந்தால் இறங்கிவிடும். இதைச் சொல்லிக் கொடுத்துப் பிரபலமாக்கியவர் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர். பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கில் ஏதாவது ஒன்று இருக்கும்போது அலை பெரிதாக வரும், அதனால் ஆசை வந்தால் முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு அப்புறம் யோசியுங்கள். இனிப்பு மேல் திடீரென்று வெறி வந்திருந்தால் அதுவும் சகஜம், சர்க்கரை நோய் இல்லையென்றால் இந்த மாதங்களில் அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். வாரங்கள் போகப் போக அலைகள் அடர்த்தி குறையும். ஆனால் மூன்று வருடம் கழித்து, ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது திடீரென்று ஒன்று வரும். அதைக் கண்டு ஆடிப்போகாதீர்கள்.

எது உறுதி, எது உறுதியில்லை என்று கேட்டால்: முதல் வாரத்தில் நடப்பவை உறுதி, அதில் விவாதமே இல்லை. உடம்பு ஆறுவதும் பெருமளவு உறுதி. வெறும் கொழுப்பு படிந்த கல்லீரல் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் நன்றாகத் தெளிந்துவிடக்கூடும், தழும்பு விழுந்து இறுகிப்போன கல்லீரல் அப்படி முழுதாகத் திரும்பாது, ஆனால் மேலும் கெடுவது குறையும். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நிலையைக் காட்டும் ஜிஜிடி என்று ஒரு அளவு இருக்கும், அது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டு வரும், மனசு ஒன்றும் மாறவில்லை என்று சொல்லும்போது காகிதத்தில் அந்த எண் இறங்கியிருப்பதைப் பார்ப்பது பலருக்குத் தெம்பு கொடுத்திருக்கிறது. ரத்த அழுத்தமும் நிறையக் குடித்தவர்களுக்குச் சில வாரங்களிலேயே இறங்கும். ஆனால் மாதக்கணக்கில் நீளும் எரிச்சல், மறதி, வெறுமை, தூக்கக் குறைவு எல்லாவற்றையும் ஒரே நோயாகச் சேர்த்து ஒரு பெயர் வைத்துச் சிலர் பேசுகிறார்களே, நீடித்த விலகல் என்று, அந்தப் பெயர் அமெரிக்க மனநலக் கையேட்டில் தனி நோயாக இல்லை. அந்த அனுபவம் உண்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது முழுக்க மூளை ஆறுவதால் வருகிறதா, முன்பே இருந்த பதற்றமும் சோர்வும் வெளியே தெரிகிறதா, குடியால் கெட்டுப்போன வாழ்க்கையின் நிஜமான பாரமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. என் அனுபவத்தில் மூன்றும் கலந்துதான் இருக்கும், ஆளைப் பார்க்காமல் விகிதம் சொல்ல முடியாது.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மன உறுதி இருந்தால் போதும் என்று நினைத்து நிறையப் பேர் அதைக் கேட்பதே இல்லை. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற இரண்டும் குடிக்கும் ஆசையையும் மறுபடி விழுவதையும் குறைக்கப் பயன்படும் மாத்திரைகள், எது பொருந்தும் என்பதைக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். டைசல்ஃபிராம் வேறு வகை. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகலாம், கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரைகூட. தெரிந்து, சம்மதித்துப் போடுகிறவர்களுக்கு அது பயன்படும். வீட்டில் இருப்பவர்கள் அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன், அப்படிக் கொடுத்து அவசரப் பிரிவில் வந்து நின்ற ஒரு தாயின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் எல்லாருக்கும் ஒத்துப்போகாது, ஆனால் 1935ல் குடியை விட நினைத்த இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசித் தொடங்கியது அது, 41வது நாளைக் கடந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு' என்று சொல்வதை என் படிப்பு ஈடுசெய்யாது. இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒருவேளை நடுவில் ஒருநாள் சறுக்கினால், குடித்த அந்த ஒரு நாளைவிட மறுநாள் காலையில் வரும் 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்ற எண்ணம்தான் பெரிய கேடு. நீங்கள் ஆற்றிவைத்த 41 நாள் ஒரே இரவில் அழிந்துவிடாது. அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட்டு நிறுத்துங்கள், ஆனால் பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மருத்துவரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான்.

உங்களுக்கு இப்போது நான் சொல்வது இவ்வளவுதான். இந்த வாரம் ஒரு மருத்துவரைப் பார்த்து, எவ்வளவு குடித்தீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லி, கல்லீரல், தைராய்டு, ரத்தச்சோகை, சர்க்கரை எல்லாம் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இவற்றில் ஏதாவது ஒன்று கெட்டிருந்தாலும் இதே சோர்வு இருக்கும், எல்லாப் பழியையும் குடி மேல் போட்டுவிட முடியாது. தினமும் உடம்பு வியர்க்க நடங்கள், பிடிக்காவிட்டாலும். முன்பு குடிக்க உட்காரும் நேரத்துக்கு ஒரு வேலையை வையுங்கள், பெரிய லட்சியம் எதுவும் வேண்டாம், கை வேலையாக இருந்தால் போதும். வேலையை விடுவது, வீட்டை விட்டுப் போவது போன்ற பெரிய முடிவுகளை மூன்று நான்கு மாதம் தள்ளிப்போடுங்கள், இப்போதைய மனசு அவற்றை நியாயமாக எடைபோடாது. ஒரு சின்ன நோட்டு வாங்கி ராத்திரி ஒரே ஒரு வரி எழுதுங்கள், அன்றைக்கு எப்படி இருந்தது என்று. என்னிடம் வந்த ஒருவர் அப்படி எழுதியதைக் காட்டினார். முதல் இரண்டு மாதம் பக்கம் பக்கமாக 'சும்மா', 'சும்மா', 'எரிச்சல்', 'சும்மா'. 73வது நாள் 'பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சைக்கிள் செயின் மாட்டிக் கொடுத்தேன்' என்று எழுதியிருந்தார். அதில் நன்றாக இருந்தது என்றோ சந்தோஷம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகும் பல பக்கத்தில் சும்மா வருகிறது, ஆனால் இடையிடையே வேறு வரிகள் வர ஆரம்பித்திருந்தன, அது அவருக்கே நான் விரல் வைத்துக் காட்டும்வரை தெரியவில்லை. உங்கள் நோட்டை 41வது நாளிலிருந்தே தொடங்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.